டேமேஜ் வேறு, டிஃபெக்ட் வேறு

என் அக்காள் மகள் அமிர்தத்துக்கு இங்கிலீஷில் இரண்டே சொற்கள்தான் சுத்தமாகத் தெரியும். ஒன்று டிஃபெக்ட், இன்னொன்று டேமேஜ். பஸ்ஸு, டீ, ஸ்கூலு என்று எல்லார் வாயிலும் புரள்கிறதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவள் உடம்பால் தெரிந்துகொண்டவள். அதைத் தெரிந்துவைத்திருந்ததற்காகத்தான் இன்றைக்கு எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் அவளை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. என் தங்கை ராஜாம்பாள், அமிர்தத்துக்குச் சித்தி, தான் செத்தால்கூட அவள் வரக் கூடாது என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. முதலாளி கோதண்டபாணி மேல் கோபம். என் தங்கை மகன் வீரமுத்து மேல் அதைவிடக் கோபம். என் மேலும் கொஞ்சம் உண்டு, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். உறவுமுறையைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். நடந்த அநியாயத்தில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

எங்கள் அப்பாவுக்கு நாங்கள் மூன்று பேர். மூத்த அக்காவைத் திட்டக்குடியில் கொடுத்தோம். நடுவில் நான். கடைக்குட்டி ராஜாம்பாளை விருத்தாசலத்தில் கொடுத்தோம். அக்கா மஞ்சள்காமாலையில் போனபோது அமிர்தத்துக்குப் பன்னிரண்டு வயது. அவள் அப்பன் மூன்றாம் மாதமே திட்டக்குடிக்குப் பக்கத்து மங்களூரில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். ராஜாம்பாள் வந்து, என் அக்கா பெண் எனக்கும் பெண்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லி அமிர்தத்தைக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரை இன்றைக்குத் திருப்பி எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்வேன். ராஜாம்பாளுக்கு அப்போதுதான் வீரமுத்து பிறந்திருந்தான். தான் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில்லுக்கு வேலைக்குப் போகவேண்டும், கைப்பிள்ளையை வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அமிர்தத்தின் ஸ்கூல் அன்றோடு போயிற்று.

வீரமுத்துவைத் தூக்கினது அவள் இடுப்பு. சோறு ஊட்டினதும், மலம் கழுவினதும், முதல் நாள் ஸ்கூலில் கொண்டுபோய் விட்டுவிட்டு அவன் அழுகை நிற்கிற வரைக்கும் வேலிக்கு வெளியே நின்றதும் அமிர்தம்தான். பிறகு பச்சமுத்துவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம். அவன் லாரி ஷெட்டில் மூட்டை ஏற்றுகிறவன். கெட்டவன் இல்லை, பேச மாட்டான், அவ்வளவுதான். வீரமுத்து செராமிக் டிப்ளமோ படித்தபோது அம்மா மில்லுக்குப் போய்விடுகிறாள் என்று மூன்று வருஷம் அவள் வீட்டில்தான் தின்றான்.

அமிர்தத்துக்கு ஒரே பிள்ளை, துர்கா. அந்தப் பிள்ளை நடக்கத் தொடங்கியபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தது. மாமியார்க்காரி விடுவாளா? இவள் தூளியிலிருந்து தவறவிட்டுவிட்டாள், இடுப்பை ஒடித்துவிட்டாள் என்று தெருவெல்லாம் சொன்னாள். விசேஷத்துக்குப் போனால் அங்கே ஒருத்தி, தண்ணீருக்குப் போனால் அங்கே ஒருத்தி, பிள்ளையை ஒடித்தவள் இவள்தான் என்று காட்டிக் காட்டிப் பேசினார்கள். கேட்டுக் கேட்டு, நாம்தான் தூக்கத்தில் போட்டுவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. என்னிடம் ஒருமுறை, "மாமா, எனக்குத் தெரியாமயே நான் போட்டிருப்பேனா?" என்று கேட்டாள்.

புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்து, இது விழுந்து வந்ததில்லை, வயிற்றில் இருக்கும்போதே தொடை எலும்பு குழியில் சரியாக உட்காரவில்லை என்று சொன்னார்கள். சீட்டில் இங்கிலீஷில் எழுதினார்கள். அமிர்தம் அந்த எழுத்தைக் காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று நர்ஸைக் கேட்டாள். அந்த நர்ஸ் யார் வீட்டுப் பிள்ளையோ, நன்றாக இருக்க வேண்டும். நின்று பதில் சொன்னது.

"டிஃபெக்ட்டுன்னு போட்டிருக்குதும்மா. கூடவே பொறந்தது. நீ கீழ போட்டு ஆயிருந்தா டேமேஜுன்னு எழுதியிருப்பாங்க. ரெண்டும் வேற. உன் கையில தப்பு இல்ல."

பஸ்ஸில் திரும்பி வரும்போது விழுப்புரம் தாண்டுகிற வரைக்கும் அவள் அந்த இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். பிள்ளைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். முக்கால்வாசி சரியாயிற்று. மாமியார்க்காரி மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு எழுத்தே தெரியாது. பேப்பரில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்றாள்.

தொண்ணூற்றேழில் அமிர்தம் விருத்தாசலம் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் கோதண்டபாணியின் பீங்கான் யூனிட்டில் சேர்ந்தாள். கரண்டுக் கம்பத்தின் தலையில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் குமிழ் இருக்கிறதே, இன்சுலேட்டர், அதுதான் அங்கே பெரும்பாலும். ஊறுகாய் ஜாடியும் போடுவார்கள். நான் அந்த எஸ்டேட்டில் இருக்கிற யூனிட்டுக்கெல்லாம் சாமான் கட்டுவதற்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தேன். ஆகையால் எல்லாச் சூளைக்கும் எனக்குப் போக்குவரத்து உண்டு.

சூளையிலிருந்து இறக்குகிற இடத்தில் இரண்டு கூடை இருக்கும். ஒன்றில் டிஃபெக்ட், இன்னொன்றில் டேமேஜ். மண்ணில் கல் இருந்து வெடித்தது, அச்சில் கோணியது, கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு கொப்புளம் போட்டது, நெருப்பு கூடிக் கருகியது, எல்லாம் டிஃபெக்ட். அது முதலாளியின் மண், முதலாளியின் நெருப்பு, ஆகையால் முதலாளியின் நஷ்டம். நல்லபடியாக வெளியே வந்த சாமான் இறக்குகிறவள் கையில் விழுந்தோ இடித்தோ கீறினால் அது டேமேஜ். அதை அவள் பேரில் எழுதுவார்கள். பேர் மூன்று தடவை ஏறினால் கேட்டுக்கு வெளியே. அதோடு விட்டாலும் பரவாயில்லை. எல்லா யூனிட்டு சூப்பர்வைசரும் ஒரே கடையில்தான் டீ குடிக்கிறார்கள். ஒரு இடத்தில் பேர் கெட்டவளை இன்னொரு இடத்தில் சேர்க்க மாட்டார்கள்.

முதல் நாள் அந்தக் கூடைகளின் பேரைக் கேட்டபோது அமிர்தத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். இவள்தான் அந்தப் பாடத்தைப் பிள்ளையை வைத்துப் படித்தவள் ஆயிற்றே. மற்றப் பெண்களுக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். பிறகு அவர்கள் எதற்கெடுத்தாலும் இந்த இரண்டு சொல்தான். பக்கத்து வீட்டுக்காரன் ஆட்டோ புதிதாக வாங்கும்போதே புகை கக்கினால் டிஃபெக்ட், வாங்கிய பிறகு குடித்துவிட்டு மரத்தில் விட்டால் டேமேஜ். சோற்றில் கல் கிடந்தால் டிஃபெக்ட், அடி பிடித்தால் டேமேஜ். ஒருத்தி மற்றவளைப் பார்த்து உன் புருசன் எந்தக் கூடை என்று கேட்பாள். அவள், "எங்க மாமியா பார்சல் கட்டும்போதே அப்புடித்தான் இருந்தான், என் பேர்ல எழுதிடாதீங்கடி" என்பாள். நான் வைக்கோல் இறக்கிக்கொண்டே கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

எது எந்தக் கூடை என்று பார்க்க அவர்களிடம் ஒரு வழி உண்டு. நகம் பார்ப்பது என்று பேர். கீறல் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்ட வேண்டும். நகம் வழுக்கிக்கொண்டு போனால், வேகிறபோதே கீறி, கீறலுக்குள் கிளேஸ் உருகி ஓடியிருக்கிறது என்று அர்த்தம். டிஃபெக்ட். நகம் மாட்டினால் உள்ளே பச்சையாக, கூர்மையாக இருக்கிறது. வெந்து முடிந்த பிறகு உடைந்தது. டேமேஜ். விருத்தாசலத்தில் பீங்கான் வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அமிர்தத்தின் நகம் எஸ்டேட்டிலேயே பேர் போனது. அவளை இறக்குகிற பெண்களுக்குத் தலைவியாகப் போட்டு, கூடை பிரிக்கிற வேலையையும் முதலாளி அவளிடமே கொடுத்துவிட்டார்.

இரண்டாயிரத்து மூன்றில் அந்த யூனிட்டுக்கு சூப்பர்வைசர் தேவைப்பட்டபோது, டிப்ளமோ படித்துவிட்டு வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த வீரமுத்துவுக்காக முதலாளியிடம் போய் நின்றவள் அமிர்தம். தம்பி எடுத்த எடுப்பில் அக்காவுக்கு மேலதிகாரி. அவளுக்கு அதில் பெருமைதான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாயிரத்து ஆறு, சித்திரை மாதம். இன்சுலேட்டர் ஒரு பெரிய ஆர்டர், லாரி அன்று சாயங்காலம் வருகிறது. நெருப்பை நிறுத்தினால் சூளையை மூன்று நாள் தொடக் கூடாது, தானாக ஆற வேண்டும். முதலாளி கடலூரிலிருந்து ஆபீஸ் போனில் கூப்பிட்டு, இரண்டாம் நாளே திற என்று வீரமுத்துவிடம் சொன்னார். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினான். அங்கே இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். நானும் வைக்கோல் கட்டோடு வாசலில்தான் நின்றேன்.

கதவைத் திறந்து, ஆளுயர ஃபேனை வைத்து உள்ளே காற்று அடித்தான். அனல் எங்கள் முகத்தில் அறைந்தது. ஈரச்சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு அமிர்தமும் ஐந்து பெண்களும் இறக்க ஆரம்பித்தார்கள். செத்த நேரம் போனதும் அமிர்தம் நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ஒருவன் விரலால் வெற்றுக் கிளாஸைச் சுண்டுகிற மாதிரி. ஒன்று, பிறகு ஒன்று, பிறகு சேர்ந்தாற்போல் நாலைந்து.

"தம்பி, உள்ள என்னமோ சத்தம் கேக்குது. கதவ மூடிடு" என்றாள்.

அவன் அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றான். அந்தச் சத்தம் என்னவென்று அவனுக்குத் தெரியும். மூன்று வருஷம் அதைப் படித்துவிட்டு வந்தவன். வெந்த பீங்கான் மேல் திடீரென்று காற்று பட்டால் வெளிப்பக்கம் சுருங்கும், உள்பக்கம் சுருங்காது, இழுத்துக்கொண்டு கீறும். அப்படிக் கீறினால் அதில் கிளேஸ் ஓடாது, அது முன்னமே இறுகிவிட்டது. நகம் மாட்டும். கை படாமலே டேமேஜ் மாதிரி தெரிகிற டிஃபெக்ட் அது. இதை அவன் புத்தகத்தில் எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறான். அமிர்தத்துக்கும் எனக்கும் இது தெரியாது.

இறக்கிய சாமானில் முப்பதில் கீறல். அவன் ஒன்றை எடுத்து நகத்தை ஓட்டினான். மாட்டியது. எல்லாவற்றையும் டேமேஜ் கூடையில் போடச் சொல்லிவிட்டு, ஆளுக்கு ஆறு வீதம் ஐந்து பெண்கள் பேரிலும் எழுதி, கையெழுத்துப் போடுங்கள் என்று நோட்டை நீட்டினான். ஒரே நாளில் ஆறு. மூன்றுக்கே கேட். ஐந்து பெண்களும் அமிர்தத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவளும் ஒன்றை எடுத்து நகத்தை ஓட்டினாள். மாட்டியது. ஒன்பது வருஷமாக அந்த நகத்தை நம்பியவள்.

அப்போது மறுபடியும் உள்ளே சத்தம். அவள் எட்டிப் பார்த்தாள். பின் வரிசை இன்னும் இறக்காமல் இருந்தது. அதில் ஒரு குமிழின் மேல் தலைமயிர் மாதிரி ஒரு கோடு ஓடுவதை அவள் கண்ணால் பார்த்தாள். அதை ஒருத்தியும் தொடவில்லை. தொடவும் முடியாது, அவ்வளவு தூரம் அனல்.

அவள் நேராகப் போய்ச் சூளை வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். முதுகில் அனல் அடிக்கிறது. "மொதலாளி வந்து பாக்குற வரைக்கும் பின் வரிசைய யாரும் தொடக் கூடாது" என்றாள்.

வீரமுத்து முதலில் அதட்டிப் பார்த்தான். பிறகு அவள் பக்கத்தில் குந்தினான். குரலை இறக்கிப் பேசியது எனக்குக் கேட்டது.

"அக்கா, நீ மட்டும் போயிடு. உன் பேர எழுதல. அவளுவோ அஞ்சு பேரும் போட்டுக்கட்டும். நான் அப்பறம் மொதலாளிகிட்ட பேசி ஒண்ணு ரெண்டு பேர உள்ள எடுத்துக்குறேன்."

"இது டேமேஜ் இல்லன்னு உனக்குத் தெரியுமாடா?"

அவன் ஃபேனைத் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லு. எனக்குத் தெரியாது, நான் படிக்கல. நீ படிச்சவன். தெரியுமா?"

"தெரியும்" என்றான். "அத எழுதுனா என் வேல போயிடும்க்கா."

அமிர்தம் அவனைத் திட்டவில்லை. வேறு எதையோ கணக்குப் போடுகிறவள் மாதிரி முகம் மாறியது. "அப்பன்னா பார்வதி?" என்று கேட்டாள்.

பார்வதி மங்கலம்பேட்டைப் பெண். இவர்களோடு இறக்குகிற வேலை பார்த்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பொங்கலுக்கு ஆர்டர் போக வேண்டும் என்று இதே மாதிரி சூளையைச் சீக்கிரம் திறந்தார்கள். பார்வதி இறக்கிய ஜாடிகளில் பத்தொன்பது கீறியிருந்தது. நகம் பார்த்தது அமிர்தம். டேமேஜ் கூடையில் போட்டது அமிர்தம். பார்வதி சாமி சத்தியமாக நான் ஒன்றையும் இடிக்கவில்லை என்று அழுதாள். நகம் பொய் சொல்லாது என்று அமிர்தம் சொன்னாள். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டினேன், பெரிய இவன் மாதிரி. பார்வதியின் பேர் ஏறியது, கேட்டுக்கு வெளியே போனாள். அதற்குப் பிறகு ஒரு யூனிட்டும் அவளைச் சேர்க்கவில்லை.

வீரமுத்து தரையைப் பார்த்தான். "அதுவும் இதேதான்" என்றான்.

அன்றைக்கு அந்த இடத்திலேயே அவனுக்கு நான் ஒரு அறை விட்டிருக்க வேண்டும். தங்கை மகன் என்று கை ஓங்கவில்லை. அந்த உறவுமுறை இழவுதான் எங்களை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது. பார்வதியை அனுப்பிய அன்றைக்கே அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, தன்னைத் தூக்கி வளர்த்தவள் ஒரு குற்றமும் செய்யாத பெண்ணின் பேரைக் கெடுப்பதை வேடிக்கை பார்த்திருக்கிறான்.

முதலாளி மத்தியானத்துக்கு மேல் வந்தார். அமிர்தம் எழுந்து வழிவிட்டு, பின் வரிசையைக் காட்டினாள். டார்ச் அடித்துப் பார்த்தார். வைத்த இடத்தில் வைத்தபடி, ஒருத்தி கையும் படாமல், பாதிக்கு மேல் கீறியிருந்தது. மனுஷன் கூச்சமே இல்லாமல் திரும்பி, சூளையை எவன் திறக்கச் சொன்னது என்று வீரமுத்துவைக் கேட்டார். அவன் நோட்டைப் புரட்டிக்கொண்டு நின்றான். அத்தனை பேர் கேட்ட போன் அது.

"நீங்கதாங்க சொன்னீங்க" என்றாள் அமிர்தம். "அவன் தொறந்தான். சாமான் உள்ளயே கீறிக்கிச்சு. எங்க கையில ஒண்ணும் ஆவல. டிஃபெக்ட்டுன்னு எழுதுங்க."

இத்தனை பெண்களுக்கு முன்னால், ஒரு வேலைக்காரி அவரை எழுதச் சொல்கிறாள். முகம் கறுத்துப்போயிற்று. ஆனால் எதிரே சாமான் இருக்கிறது, வேறு வழியில்லை. ஐந்து பேர் பேரையும் அடித்துவிட்டு டிஃபெக்ட் என்று எழுதினார். எழுதின கையோடு, சூளையைக் கெடுத்தவன் நீதான் என்று வீரமுத்துவின் சீட்டைக் கிழித்து வேலையை விட்டு அனுப்பினார். தனக்காகப் பொய் எழுதியவனையே முதல் ஆளாகத் தள்ளிவிட்டார். அவனுக்காக நான் இரக்கப்படப் போவதில்லை. ஆனால் அந்த முதலாளியின் சாமர்த்தியத்தை நினைத்தால் இப்போதும் பல் நறநறக்கிறது.

அதோடு நின்றிருந்தால் அமிர்தத்தின் வேலை நிலைத்திருக்கும். பெண்களும் போகலாம் என்று சாக்கை உதறிக்கொண்டிருந்தார்கள். அவள் போகவில்லை. பழைய நோட்டை எடுங்கள், பார்வதி பேரையும் அடியுங்கள், அதை நான்தான் தப்பாகப் பிரித்தேன் என்றாள். முடிந்துபோனதைக் கிளறாதே என்றார் முதலாளி. அதை அடிக்காமல் நான் இந்தக் கூடையைத் தொட மாட்டேன் என்றாள் இவள். தொடாவிட்டால் போ, நாளையிலிருந்து வராதே என்றார். அவள் ஈரச்சாக்கைக் கொடியில் போட்டுவிட்டு வந்துவிட்டாள். அந்த ஐந்து பெண்களில் ஒருத்தியாவது கூட வந்தாளா? வரவில்லை. அவர்களையும் திட்டத்தான் தோன்றுகிறது, ஆனால் அவர்கள் வீட்டு அடுப்பை நான் எரிக்கப் போவதில்லையே.

பொழுது சாய்வதற்குள் ராஜாம்பாள் வந்துவிட்டாள். தாய் இல்லாத நாயைத் தூக்கி வந்து வளர்த்தேன், என் பிள்ளையின் சோற்றில் மண் அள்ளிப் போட்டுவிட்டாள் என்று அமிர்தத்தின் வாசலில் மண்ணை வாரி இறைத்தாள். நான் குறுக்கே போய், யார் யாரை வளர்த்தது என்று கேட்டேன். அன்றோடு எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை. எழுபது வயதில் கூடப் பிறந்தவளோடு சண்டை. இருக்கட்டும்.

மறுநாள் நானும் அமிர்தமும் மங்கலம்பேட்டைக்குப் பஸ் ஏறினோம். பார்வதி ஒரு துணிக்கடையின் பின்புறம் பைகளுக்குக் காது தைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருசன் அவளை ஓட்டைக்கை என்றுதான் கூப்பிடுகிறானாம். அவர்கள் தெருவில் கல்யாணம் என்றால் பாத்திரம் தொட விடுவதில்லையாம், ஒரே நாளில் பத்தொன்பது உடைத்தவள் என்று. இதை அங்கே டீக்கடையில் விசாரித்தபோதே சொன்னார்கள். அமிர்தம் வாங்கின டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டாள். எப்படி இறங்கும்? அவளும் அந்தப் பேச்சைக் கேட்டு வாழ்ந்தவள்.

அமிர்தம் எல்லாவற்றையும் சொன்னாள். சூளை திறந்தது, சத்தம் கேட்டது, பின் வரிசை, நகம். நீ உடைக்கவில்லை, நான்தான் தப்பாகச் சொன்னேன், மன்னிச்சுடு என்றாள். பார்வதி தையலை நிறுத்தாமல் கேட்டாள். முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்தாள்.

"இத எங்கிட்ட ஏன் வந்து சொல்ற? நான் ஒடைக்கலன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கே தெரியும். தெரியாதவங்ககிட்ட போயி சொல்லு."

அமிர்தம் குனிந்து, கீழே கிடந்த ஒரு பையை எடுத்துக் குவியலில் வைத்தாள்.

"எத்தினி பேரு முன்னாடி என்ன வெளிய அனுப்புனீங்க? அத்தினி பேரு முன்னாடி சொல்லு. அப்பறம் வந்து மன்னிப்பு கேளு, அப்ப பாப்போம். இப்ப போ, எனக்கு வேல கெடக்குது."

திரும்பி வரும்போது, இப்படியா பேசுவாள் என்று நான் முணுமுணுத்தேன். "அவ கேக்குறது சரிதான் மாமா, நீங்க சும்மா வாங்க" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு எஸ்டேட் முனையில், சூப்பர்வைசர்கள் டீ குடிக்கிற அந்தக் கடைக்கு எதிரே போய் நின்றாள். வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். நான் வைக்கோல் வண்டியைச் சற்று தள்ளி நிறுத்திக்கொண்டேன். அவளுக்கு மேடைப் பேச்சா தெரியும்? பக்கத்தில் வந்த பெண்ணை நிறுத்திச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள், ஆனால் கடை முழுக்கக் கேட்டது.

"பார்வதி கையில ஒண்ணும் ஒடையல. சூளைய முன்னாடியே தொறந்ததால கீறுனது அது. நான்தான் நகம் பாத்து டேமேஜுன்னு போட்டேன். தப்பு என்னுது. அது டிஃபெக்ட்டு."

சூப்பர்வைசர் ஒருவன் சிரித்தான். இன்னொருவன், "ஏம்மா, மொதலாளி வெரட்டுனதுக்கு இங்க வந்து பாடுறியா?" என்றான். அந்தக் கும்பலில் வீரமுத்துவும் இருந்தான். இரண்டே நாளில் அவனுக்கு இன்னொரு யூனிட்டில் வேலை கிடைத்துவிட்டது. சூளையைக் கெடுத்தவன் என்ற பேர் அவனை ஒட்டவே இல்லை. டிப்ளமோக்காரனுக்கு எந்த நோட்டிலும் பேர் ஏறுவதில்லை. அமிர்தத்துக்கு அதற்குப் பிறகு பீங்கான் வேலையே கிடைக்கவில்லை, இப்போது கரும்பு வெட்டப் போகிறாள். வீரமுத்து அன்று டீயைக் கீழே ஊற்றிவிட்டு, அக்கா என்று ஒரு சொல் இல்லாமல் நடந்து போனான்.

நான் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் சாப்பாட்டுப் பையோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்றுவிட்டாள். எந்த யூனிட்டோ, எனக்குத் தெரியாத முகம்.

"ஏங்க்கா, என் பேர்ல போன மாசம் ரெண்டு ஜாடி எழுதுனாங்க. நான் இடிக்கவே இல்ல. அதுவும் அப்புடித்தான் இருக்குமா?"

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்து நின்றாள், பிறகு இரண்டு பேர். சங்கு ஊதிவிட்டது, ஆனாலும் நின்றார்கள். அமிர்தம் அந்தப் பெண்ணின் பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நெருப்பு நிறுத்துனதுக்கு அப்பறம் எத்தினியாம் நாளு தொறந்தாங்க? ஞாபகப்படுத்திச் சொல்லு" என்றாள்.